ஏரியா வாரியான சுகாதாரக் கணக்கை வைத்து வட சென்னை முதியவர்களுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், ஆனால் சென்னை முழுவதற்கும் ஒரே எண்ணாக வருகிற கணக்கை வைத்து முடியாது. தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) மாவட்டத்துக்கு ஒரு எண்தான் தருகிறது, அதில் வசதியான பெசன்ட் நகரும் மீனவர் பகுதியான காசிமேடும் ஒரே சராசரிக்குள் போய்விடும். மாநகராட்சியில் 200 வார்டுகள் இருக்கின்றன, நமக்கு வேண்டியது வார்டுக் கணக்கு.

அதற்கான விவரம் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீடு வீடாக வரும் அக்காக்கள் பிபி, சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்து, எழுதிக்கொண்டு போகிறார்கள். ஆனால் வீட்டில் இருப்பவர்களைத்தானே எழுத முடியும்? எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் அறுபது தாண்டிய அம்மாக்கள் பலர் இருட்டோடு காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, தெருத் தெருவாக விற்றுவிட்டு, மதியத்துக்கு மேல்தான் வீடு திரும்புகிறார்கள். அக்கா வரும் நேரத்தில் கதவு பூட்டியிருக்கும். மாத்திரை அதிகம் தேவைப்படுகிறவரே கணக்கில் விழவில்லை என்றால் அந்த வார்டு தாளில் ஆரோக்கியமாகத்தான் தெரியும். அதனால் என்னைக் கேட்டால், பூட்டியிருந்த வீடுகளைத் தெரு வாரியாகக் குறித்து வைப்பதுதான் முதல் வேலை. எந்தத் தெருவுக்குச் சாயங்காலம் போக வேண்டும், எங்கே ஞாயிற்றுக்கிழமை முகாம் போட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், அறுபதுக்கு மேல் என்று எல்லாரையும் ஒரே கட்டத்தில் போடுவதும் தப்பு. கூடை சுமக்கிற 62 வயதுக்காரரும், ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில் லிஃப்ட் இல்லாமல் முடங்கிக் கிடக்கிற 84 வயதுக்காரரும் ஒன்றா? எந்த மாடி என்று ஒரு கேள்வி சேர்த்தால் போதும், பிசியோதெரபிக்கு முதலில் யார் வீட்டுப் படி ஏற வேண்டும் என்று சொல்லிவிடலாம். கிண்டியில் முதியோருக்கென்றே 2024-இல் பெரிய மருத்துவமனை வந்தது, நல்லதுதான். ஆனால் நகரின் வட கோடியில் இருக்கிற எண்ணூரிலிருந்து மூட்டுவலிக்காரர் ஒருவரை பஸ்ஸில் அங்கே கூட்டிப்போய்ப் பாருங்கள், தெரியும்.

சரி, இதையெல்லாம் யாரிடம் கேட்பது? வார்டுக்குள் பகுதி வாரியாக மக்கள் கூடுகிற ஏரியா சபைக் கூட்டத்தில் கேளுங்கள், கவுன்சிலரும் இருப்பார். பெயர், கதவு எண் எதுவும் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். அதையும் நாலைந்து தெருக்களுக்குச் சேர்த்துக் கேளுங்கள், சின்னச் சந்துக்குத் தனியாகக் கேட்டால் யாருக்கு என்ன நோய் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.