பிபிபியா, எம்பிடி5-ஆ? (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

கொடைக்கானல் பெருமாள்மலையில் இருக்கிறேன். வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் ஃபைபர் வந்திருக்கிறது. ஓஎன்டியை (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) பிரிட்ஜ் மோடில், அதாவது தான் டயல் செய்யாமல் சும்மா கடத்திவிடும்படி, போட்டுவிட்டு, பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை ஏற்றி அதையே ரவுட்டராக வைக்க ஆசை. பிபிபிஓஇ-க்கு (பெயர், பாஸ்வேர்ட் கொடுத்து லைனில் டயல் செய்யும் முறை) அதிலேயே இருக்கும் பிபிபி நிரல் போதுமா, இல்லை எம்பிடி5 என்ற வேறு நிரல் போட வேண்டுமா? பிபிபி ரொம்ப மெதுவு என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

ர.

அன்புள்ள ர.,

பிபிபியே போதும்.

நண்பர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. பிபிபி கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையக்கருவுக்கு) வெளியே ஓடுகிற நிரல், அதனால் ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) கெர்னலிலிருந்து வெளியே வந்து திரும்ப உள்ளே போகவேண்டும், எம்பிடி5 அப்படியில்லை, டயல் செய்வதையும் பாஸ்வேர்ட் காட்டுவதையும் மட்டும் தான் பார்த்துக்கொண்டு மீதிப் போக்குவரத்தை கெர்னலுக்குள் இருக்கும் நெட்கிராஃப் என்ற பகுதியிடம் விட்டுவிடும். ஆனால் 50 எம்பிபிஎஸ்ஸுக்கு உங்கள் டெஸ்க்டாப் மூச்சு வாங்காது. பல நூறு எம்பிபிஎஸ்ஸுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, எம்பிடி5-ஐத் தனியாக இறக்கித்தான் நிறுவவேண்டும், அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்குத்தானே இவ்வளவு பாடும்! (போனை யுஎஸ்பியில் மாட்டி இறக்கலாம், சரி. பெருமாள்மலையில் சிக்னல் எப்படி என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.)

மலையில் இருப்பவர்கள் வேகத்தைவிட, லைன் அறுந்து திரும்ப வந்தால் யாரும் கை வைக்காமல் அது தானே எழுந்து டயல் செய்யுமா என்றுதான் பார்க்கவேண்டும். இங்கே கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எங்காவது ஒரு கற்பூர மரம் கேபிள்மேல் சாயும், அடைமழை என்றால் ஒரே நாளில் மூன்று தடவைகூட லைன் போகும். பிபிபியை டிடயல் முறையில் ஓட விடுங்கள், விழுந்தால் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எக்கோவையும் (எதிர்ப்பக்கம் உயிரோடிருக்கிறதா என்று அவ்வப்போது கேட்டுப் பார்ப்பது) இயக்கிவையுங்கள். லைன் செத்த பிறகும் இணைப்பு இருப்பதுபோலவே காட்டிக்கொண்டிருப்பது அதில்தான் பிடிபடும்.

அப்புறம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. நான் ஒரு காலத்தில் அவசரப்பட்டு எம்பிடி5-க்குத் தாவியவன். தேடல் பக்கம் திறக்கும், மெயில் வரும், வங்கிப் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். லைன்மேனை மழையில் இரண்டு தடவை மேலே ஏறிவர வைத்தேன், பாவம், அவர் பக்கம் ஒரு குறையும் இல்லை. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்கு 1500 பைட் இடம். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு அதில் 8 பைட் எடுத்துக்கொள்வதால் நமக்கு மிச்சம் 1492. எதிர்ப்பக்க சர்வருக்கு இது தெரியாது, முழுசாக 1500-க்கு அனுப்பும், 'இது பெரிசு, நுழையாது' என்று திருப்பிச் சொல்லும் செய்தியை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் முழுங்கிவிடும், அவ்வளவுதான், பக்கம் வராது. டிசிபி (வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறை) துண்டின் உச்ச அளவை ஆரம்பத்திலேயே சர்வரிடம் 1452 (1492-இல் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 போக மிச்சம்) என்று குறைத்துச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. எம்பிடி5-இல் அதற்கென்று இருந்த ஒரு வரியை நான் போடாமல் விட்டிருந்தேன். பிபிபியில் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கும்.

கான்ஃபிக் ஃபைலில் ஒரு சில்லறை விஷயம்: முக்காற்புள்ளியில் முடியும் பெயர்வரியை ஓரத்திலிருந்தே தொடங்குங்கள், அதன் கீழ் வரும் வரிகளுக்கெல்லாம் முன்னால் ஒரு இடைவெளியாவது விடுங்கள். விடாவிட்டால் ஓடாது.

யுபிஎஸ் வாங்கினால் ஓஎன்டியையும் அதிலேயே சொருகுங்கள். டெஸ்க்டாப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு, ஓஎன்டி அணைந்துகிடப்பதைப் பார்க்காமல், ஒரு ராத்திரி முழுக்க லாக் படித்துக்கொண்டிருந்தவன் நான்.