டிஸ்சார்ஜ் தாளில் ‘ஆளுமைக் கோளாறு’: அந்த வரியை மாற்ற முடியுமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். என் தம்பி பள்ளி முடித்த கையோடு அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தான். குடியுரிமையும் படையில் இருக்கும்போதே வாங்கினான். 2011இல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் ஏழு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து தூக்கம் கிடையாது, மேலதிகாரிகளிடம் ஓயாத சண்டை. ஒரு மருத்துவர் ஒரே ஒரு முறை கூப்பிட்டுப் பேசினார். அதன்பின் ‘பெர்சனாலிட்டி டிஸார்டர்’ என்று எழுதி 2012 கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் ‘ஹானரபிள்’தான். ஆனாலும் அந்தத் தாளைக் காட்டிய இரண்டு இடங்களில் வேலை கைநழுவிப் போனது. இதை ‘அப்கிரேடு’ செய்ய முடியுமா? இப்போது நலமாக இருக்கிறான் என்று டாக்டர் சான்றிதழ் வாங்கி அனுப்பினால் போதுமா? ஒரு வக்கீல் 6,000 டாலர் கேட்கிறார். குடியுரிமைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். தம்பியோ ‘விடு அக்கா’ என்கிறான்.

பதில்: முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். படைச் சேவையை வைத்துப் பெற்ற குடியுரிமையைத் திரும்பப் பறிக்க சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஐந்து ஆண்டு கண்ணியமான சேவை முடிப்பதற்குள் ‘அதர் தேன் ஹானரபிள்’ என்ற கண்ணியக் குறைவான வகையில் வெளியேற்றப்பட்டவருக்குத்தான் அது பொருந்தும். உங்கள் தம்பியுடையது ஹானரபிள். அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, நீங்கள் கேட்பது உண்மையில் அப்கிரேடு அல்ல. ஹானரபிளுக்கு மேல் ஏறப் படி கிடையாது. டிடி-214 என்கிற அந்த டிஸ்சார்ஜ் தாளின் அடிப்பகுதியைப் பாருங்கள். 24ஆம் கட்டம் சேவையின் தரம், அதில் குறையில்லை. கோளாறு அதற்குப் பின்வரும் நான்கு கட்டங்களில் இருக்கிறது. 25 எந்த விதியின்கீழ் அனுப்பினார்கள் என்பது, 26 பிரிவுக் குறியீடு, 27 மறுசேர்க்கைக் குறியீடு, 28 காரணம். ஆளுமைக் கோளாறுக்கான குறியீடு ஜே.எஃப்.எக்ஸ் என்று தொடங்கும். 28ஆம் கட்டத்து வார்த்தையை மட்டும் மாற்றக் கேட்டு, 26ஆம் கட்டத்தை மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குறியீட்டின் பொருளை இணையத்தில் தேடினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நான்கையும் சேர்த்தே கேட்கவேண்டும். கேட்கவேண்டிய மாற்று ‘செக்ரடேரியல் அத்தாரிட்டி’, அதாவது துறைச் செயலரின் அதிகாரத்தில் அனுப்பப்பட்டார் என்பது மட்டும். அதற்குரிய குறியீடு ஜே.எஃப்.எஃப். ‘கண்டிஷன், நாட் எ டிசபிலிட்டி’ என்று மாற்றித் தருகிறோம் என்றால் அது அரைக் கிணறு தாண்டியது போலத்தான். ஏதோ உடம்போ மனமோ சரியில்லாமல் போனவர் என்று அதுவும் சொல்லிவிடும்.

மாற்றம் கிடைக்கும்போது புதிய டிடி-214 வேண்டும் என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் டிடி-215 என்ற திருத்தத் தாளை மட்டும் அனுப்பிவைக்கலாம். பழைய தாளும் திருத்தத் தாளும் சேர்ந்தே ஒவ்வொரு மேசைக்கும் போனால் என்ன பயன்? அதுவரைக்கும் ஒரு தற்காலிக வழி உண்டு. டிடி-214இல் பல பிரதிகள் இருக்கும். ‘மெம்பர்-1’ பிரதியில் காரணமும் குறியீடுகளும் இருக்காது, ‘மெம்பர்-4’ பிரதியில் இருக்கும். மத்திய அரசு வேலைகளில் மெம்பர்-4 கேட்பார்கள். தனியார் நிறுவனங்களில் பல இடங்களில் முதல் பிரதியே போதும்.

இப்போது டாக்டர் சான்றிதழ் விஷயம். ‘இப்போது நலமாக இருக்கிறார்’ என்ற கடிதத்தால் பயனில்லை. 2012இல் எழுதப்பட்ட நோய்ப்பெயர் சரியா தப்பா என்பதுதான் மனுவை விசாரிக்கும் வாரியத்தின் முன் இருக்கும் கேள்வி. மனநல மருத்துவத்தின் இலக்கணப்படி ஆளுமைக் கோளாறு என்பது விடலைப் பருவத்திலோ இளமையின் தொடக்கத்திலோ வேர்விட்டு, வாழ்க்கையின் எல்லாப் பக்கங்களிலும் நீடிக்கிற ஒன்று. வேறொரு மனநோயால் விளக்க முடிகிற குறிகளை வைத்து அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. கடும் அதிர்ச்சிக்குப் பிறகு ஒருவரின் குணம் மாறினால் முதலில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயான பி.டி.எஸ்.டி.யாக இருக்குமா என்று பார்க்கவேண்டும். சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் மனநலம் இயல்பு என்று எழுதி எடுத்துக்கொண்ட அதே படை, போர்க்களத்துக்கு அனுப்பித் திரும்பியபின் ‘இவருக்குப் பிறவிக் குணமே இப்படி’ என்றால், இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கவேண்டும். உங்கள் வழக்கின் முதுகெலும்பு இதுதான்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததும் அல்ல. 2001 நவம்பர் முதல் 2007 ஜூன் வரை ஏறக்குறைய 26,000 பேரை இந்தக் காரணம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றும், அவர்களில் சுமார் 2,800 பேர் போர்ப்பணிக்குப் போய்வந்தவர்கள் என்றும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2008இல் கணக்குச் சொன்னது. விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினார்களா என்பதும் சந்தேகம்தான் என்றது. அதே 2008இல் பாதுகாப்புத் துறை விதியை இறுக்கியது. போர் ஆபத்துப் பகுதிக்குப் போய்வந்தவர் என்றால் மனநல மருத்துவரோ முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளரோதான் நோயை உறுதிசெய்யவேண்டும். அதே நிலையிலோ அதற்கு மேலோ உள்ள இன்னொரு மனநல நிபுணர் அதை ஆமோதிக்கவேண்டும். அந்தப் படைத்துறையின் தலைமை மருத்துவ அதிகாரியான சர்ஜன் ஜெனரல் ஒப்புதல் தரவேண்டும். பி.டி.எஸ்.டி. போன்றவை உண்டா என்பதையும் பார்த்து எழுதவேண்டும். உங்கள் தம்பி அனுப்பப்பட்டது 2012இல், ஹெல்மண்டுக்குப் போய்வந்தவர். இந்த விதி முழுக்க அவருக்குப் பொருந்தும். ஒரே ஒரு மருத்துவர், ஒரே ஒரு சந்திப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்பில் இரண்டாவது நிபுணரின் கையெழுத்து இருக்கிறதா, சர்ஜன் ஜெனரல் ஒப்புதல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் வாதத்தில் பாதி முடிந்தது.

ஆகவே வக்கீலைப் பார்க்கும் முன் கோப்பை வரவழையுங்கள். செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்.எஃப்-180 படிவம் அனுப்பிப் பணிக்கோப்பு முழுவதையும் கேட்கவேண்டும். 2012இல் வெளியேறிய மரைனின் மருத்துவக் கோப்பு வீரர் நலத்துறையிடம் இருக்கும், அதை அங்கே கேளுங்கள். மனநலக் குறிப்புகள் பல சமயம் தனியாக, சிகிச்சை நடந்த மருத்துவமனையிலேயே தங்கிவிடும். அதைப் பெயர் சொல்லித் தனியாகக் கேளுங்கள்.

வந்ததும் மூன்று இடங்களில் விரலை வைத்துப் படியுங்கள். ஒன்று, மரைன்கள் ‘6105’ என்று அழைக்கும் எச்சரிக்கைக் குறிப்பு. ஆளுமைக் கோளாறுக்காக அனுப்பும் முன் குறையை எழுத்தில் சொல்லி, திருந்த வாய்ப்புத் தந்திருக்கவேண்டும். 6105இல் கையெழுத்து வாங்கிய தேதிக்கும் வெளியேற்ற நோட்டீஸ் தேதிக்கும் இடையே நாலைந்து நாள்தான் என்றால், எங்கே திருந்துவது? இரண்டு, ‘புரோ-கான்’ மதிப்பெண்கள். திறமைக்கு ஒன்று, நடத்தைக்கு ஒன்று என அப்போது 5.0க்குப் போட்டார்கள். ஹெல்மண்டுக்கு முன் 4.4, 4.4 என்று வாங்கியவர் திரும்பியபின் 3.8, 3.6 என்று விழுந்திருந்தால், எது எப்போது மாறியது என்பதற்குப் படையே எழுதிவைத்த சாட்சி அது. மூன்று, போர்ப்பணி முடிந்து திரும்பும்போது நிரப்பிய உடல்நலப் படிவம். தூக்கமின்மை, கெட்ட கனவு, திடுக்கிடல் எதற்காவது அவர் ‘ஆம்’ என்று குறித்திருக்கிறாரா பாருங்கள். ‘இல்லை’ என்று இருந்தாலும் மனம் தளரவேண்டாம். ‘ஆம்’ என்றால் வீட்டுக்கு அனுப்பத் தாமதிப்பார்கள் என்று பயந்து ‘இல்லை’ போட்டவர்கள் ஏராளம். தம்பி தன் வாக்குமூலத்தில் அதை விளக்கிவிடலாம்.

இவற்றோடு பள்ளிக்காலச் சான்று சேருங்கள். மதிப்பெண் பட்டியல், விளையாட்டுப் பயிற்சியாளர் கடிதம், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்த ஆசிரியர் இருந்தால் அவருடைய கடிதம். ‘நல்ல பையன்’ என்று பொதுவாக எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு தெரியும், சக மாணவர்களோடு எப்படிப் பழகினான், கண்டித்தால் எப்படி எடுத்துக்கொண்டான் என்று நேரில் கண்டதை எழுதவேண்டும். நீங்களும் அப்படியே எழுதுங்கள். திரும்பி வந்தபின் சாப்பாட்டு மேசையில் கதவைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவான் என்றால் அந்த ஒரு வரி பத்துப் பாராட்டுக்குச் சமம்.

மருத்துவர் கடிதத்துக்கு இப்போது வருவோம். அவர் படைக்கோப்பைப் படித்தேன் என்று சொல்லவேண்டும். ஆளுமைக் கோளாறின் இலக்கணம் ஏன் பொருந்தவில்லை, 2012இல் தெரிந்த குறிகளுக்கு எது சரியான விளக்கம், அது படையில் இருக்கும்போதே தொடங்கியதா என்பதை எழுதவேண்டும். இந்தக் கோப்பைக் கொடுக்காமல் கடிதம் மட்டும் கேட்டால் அவராலும் எழுத முடியாது.

எங்கே மனுப் போடுவது? மரைன்களுக்கு இரண்டு வாசல், இரண்டும் கடற்படையின் கீழ். முதலாவது டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம். படிவம் டிடி-293, வெளியேறிய 15 ஆண்டுகளுக்குள். உங்களுக்கு 2027 கடைசியில் இந்த வாசல் மூடிவிடும். முதலில் கோப்பை மட்டும் வைத்து ஆய்வு செய்யச் சொல்லுங்கள். அது தோற்றால் நேர் விசாரணை கேட்கலாம். எடுத்த எடுப்பில் நேர் விசாரணை கேட்டால் ஒரு வாய்ப்பு வீணாகும். ஆனால் இரண்டுக்குமே அந்த 15 ஆண்டுக் கெடு உண்டு என்பதால் இந்த ஆண்டே போடவேண்டும். இந்த வாரியம் காரணத்தை மாற்றலாம். 27ஆம் கட்டத்து மறுசேர்க்கைக் குறியீட்டைத் தொட அதற்கு அதிகாரம் இல்லை. அதற்கும் மற்றதற்கும் இரண்டாவது வாசல், ஆவணத் திருத்த வாரியம், படிவம் டிடி-149. தவறு தெரிந்து மூன்றாண்டுக்குள் என்று சட்டம் சொன்னாலும், நியாயம் கருதி அந்தக் கெடுவைத் தளர்த்தலாம் என்றும் சொல்கிறது. தளர்த்தச் சொல்லி ஒரு பத்தி எழுதினால் போதும்.

இரண்டிலும் உங்கள் கையில் இருக்கவேண்டிய தாள், 2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறை விட்ட ‘கர்ட்டா மெமோ’. பி.டி.எஸ்.டி. முதலிய மனநலக் காரணங்கள் இருந்தால் வாரியம் தாராள மனதோடு பார்க்கவேண்டும் என்கிற உத்தரவு அது. கெட்ட டிஸ்சார்ஜ் வாங்கியவர்களுக்குத்தான் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். காரணத்தையும் மறுசேர்க்கைக் குறியீட்டையும் மாற்றக் கேட்பவர்களுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆவணம் இல்லாத இடத்தில் முன்னாள் வீரரின் சொந்த வாக்குமூலமே ஆதாரமாகலாம் என்றும் இருக்கிறது.

வாரியம் தன் மருத்துவ ஆலோசகரிடம் கருத்துக் கேட்டு, அது பாதகமாக இருந்தால் நகலை உங்களுக்கு அனுப்பிப் பதில் கேட்கும். அந்தக் கடிதத்தைக் கண்டு சோர்ந்துபோய் பதிலே போடாமல் விட்டுத் தோற்றவர்கள் உண்டு. குறித்த நாளுக்குள் உங்கள் மருத்துவரின் மறுப்பை அனுப்பியே தீரவேண்டும்.

பணம் என்று பார்த்தால் இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. அன்றே பி.டி.எஸ்.டி. என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தால் ஊனமதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்கவேண்டும். 30 சதவீதம் கிடைத்தாலே மருத்துவ ஓய்வும், குடும்பத்துக்கு டிரைகேர் என்ற படை மருத்துவக் காப்பீடும் உண்டு. அதிர்ச்சியால் வந்த மனநோய் ஒருவரைப் படையிலிருந்து வெளியேற்றும் அளவுக்குக் கடுமையாக இருந்தால் முதலில் 50 சதவீதத்துக்குக் குறையாமல் தரவேண்டும் என்றும் விதி இருக்கிறது. இதைக் கேட்க ஆவணத் திருத்த வாரியம்தான் இடம். வியட்நாம் போர்க்காலத்தில், 1968இல், இதே மாதிரி ‘ஆளுமை’ என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு கடற்படை வீரருக்காக, ‘டோயன்’ வழக்கில் 2023இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கோரிக்கைக்கும் தாராளப் பார்வை உண்டு என்றது. 2024 ஏப்ரலில் பாதுகாப்புத் துறை, மருத்துவ ஓய்வுக்கு அடிப்படையான, படைப்பணிக்குத் தகுதி உண்டா இல்லையா என்ற முடிவுக்கு மட்டும் அது பொருந்தாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. இந்த இழுபறி இருப்பதால் மருத்துவ ஓய்வுக் கோரிக்கையை மட்டும் வக்கீல் இல்லாமல் போடாதீர்கள்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் செய்யவேண்டியது ஒன்று. வீரர் நலத்துறையான வி.ஏ. படையின் நோய்ப்பெயருக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆளுமைக் கோளாறுக்கு அது ஈட்டுத்தொகை தராது, பி.டி.எஸ்.டி.க்குத் தரும், ஹானரபிள் இருப்பதால் கதவு திறந்தே இருக்கிறது. மனுப் போடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லும் ‘இன்டென்ட் டு ஃபைல்’ படிவத்தை இன்றே போட்டால், ஈட்டுத்தொகை கணக்கிடும் தேதி ஓராண்டுக்குப் பத்திரமாக இருக்கும். எதிரித் தாக்குதல் பயம்தான் காரணம் என்றால், சம்பவத்துக்குத் தனிச் சாட்சி தேடத் தேவையில்லை என்று 2010இல் விதியைத் தளர்த்திவிட்டார்கள். வி.ஏ. ‘சேவையால் வந்தது’ என்று ஒப்புக்கொண்ட தாள் வாரியத்தின் முன்னும் கனமாக நிற்கும். இந்த முதல் மனுவுக்கு யாரும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் வீரர் சங்கங்களின் பிரதிநிதிகள் இலவசமாகச் செய்வார்கள். வாரிய மனுவுக்கு வக்கீல் கட்டணம் கேட்பது தப்பில்லை. ஆனால் 6,000 எடுத்துவைக்கும் முன் என்.வி.எல்.எஸ்.பி., வெட்டரன்ஸ் கன்சார்டியம் என்ற முன்னாள் வீரர் சட்ட உதவி அமைப்புகள் இரண்டிலும் விண்ணப்பியுங்கள். தகுதியான வழக்கென்றால் இலவசமாக எடுப்பார்கள். பழைய தீர்ப்புகள் பெயர் நீக்கப்பட்டு வாரியங்களின் இணைய வாசிப்பறையில் கிடைக்கின்றன. ஹெல்மண்ட், ஆளுமைக் கோளாறு என்று தேடி வென்றதில் இரண்டு, தோற்றதில் இரண்டு படித்துவிட்டு அந்த வக்கீலைப் பாருங்கள். அவர் சொல்வதில் எது சரக்கு என்று உங்களுக்கே தெரியும்.

‘விடு அக்கா’ என்பவரை இழுத்துக்கொண்டு போக முடியாது, எஸ்.எஃப்-180 முதல் எல்லாப் படிவத்திலும் கையெழுத்து அவருடையது. வாக்குமூலம் பற்றி இப்போது பேச்சே எடுக்காதீர்கள். பழையதைத் தோண்டச் சொன்னால் எழுந்து போய்விடுவார். கோப்பு கேட்கும் ஒரு தாளில் மட்டும் கையெழுத்து வாங்குங்கள். இரவில் நிலைமை மோசமாகத் தெரிந்தால் 988 அழைத்து 1 அழுத்துங்கள். முன்னாள் வீரர்களுக்கான எண் அது, குடும்பத்தாரும் பேசலாம்.