பாட்டு டீச்சர் தேடும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: மேடம், என் மகளுக்கு 6 வயது, மகனுக்கு நாலரை. எங்கள் வீட்டில் யாருக்கும் சங்கீதம் தெரியாது. மகள் எந்நேரமும் ஏதாவது பாடிக்கொண்டே இருக்கிறாளே என்று பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டு கிளாஸில் சேர்த்தோம். இருபது பிள்ளைகள், எல்லாரும் ஒன்றாக உரக்கப் பாட வேண்டும். மூன்றே மாதத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. நிறுத்திவிட்டோம், ஆனால் இப்போது வீட்டில் பாடுவதையும் விட்டுவிட்டாள். வேறு டீச்சர் தேடுகிறோம். ஒன்றும் தெரியாத நாங்கள் எதைப் பார்த்து முடிவு செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாடுவதையே விட்டுவிட்டாள் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கொஞ்ச நாள் எந்த வகுப்பும் வேண்டாம், குரல் ஆறட்டும். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அவள் தானாக வாய் திறந்து பாட ஆரம்பித்த பிறகு டீச்சர் தேடலாம், அவசரமே இல்லை.

சங்கீதம் தெரியாதவர்களும் கவனிக்கக்கூடிய ஒன்று சுருதி, அதாவது பாடுகிறவர் ஆதாரமாக வைத்துக்கொள்ளும் குரல் உயரம். அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் உயரமும் கூடும். டீச்சர் தன் குரலுக்கு வசதியான கட்டையில் பாடிக் கொடுத்து, பிள்ளைகள் எப்படியாவது ஒட்டிக்கொள்ளட்டும் என்று விடுகிறாரா, இல்லை குழந்தையைப் பாட வைத்துக் கேட்டுவிட்டு அதற்கேற்ற மாதிரி, ஆதார ஒலி தரும் சுருதிப் பெட்டியை மாற்றி வைக்கிறாரா என்று பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஆறு கட்டையை ஒட்டித்தான் வசதிப்படும். ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண் ஆசிரியர் தன் சுருதியிலேயே சொல்லிக் கொடுத்தால், குழந்தை அடித்தொண்டையில் முனகும், இல்லையென்றால் மேல் ஸ்தாயியில், உச்சக் குரலில் கத்தும். கழுத்து நரம்பு புடைக்கிறதா, முகவாய் மேலே தூக்குகிறதா என்று பாருங்கள், அது போதும், ராகம் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது, வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் தனியாக ஒரு வரியாவது பாடுகிறதா? கூட்டத்தோடு பாடும்போது யார் சுருதி விலகுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, குழந்தைக்கே தெரியாது, அதனால்தான் அது இன்னும் உரக்கப் பாடப் பார்க்கிறது. நான்கைந்து பேர் இருக்கும் வகுப்பு நல்லது. சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து கேட்கிறேன் என்று சொல்லுங்கள், ‘அதெல்லாம் முடியாது’ என்று சொல்லும் இடத்தில் நான் என் குழந்தையைச் சேர்க்க மாட்டேன். ‘ஆறு மாதத்தில் மேடை ஏற்றிவிடுவேன்’ என்பவரிடமும் வேண்டாம்.

மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று ‘ச ரி க ம’ ஸ்வரப் பயிற்சிகளாகப் போவதுதான் நம் வழக்கம், அது சரிதான். ஆனால் இந்த வயதில் வெறும் ஸ்வரமாகவே மாதக்கணக்கில் போனால் சலித்துவிடும், கூடவே சின்னப் பாட்டு ஒன்றாவது சொல்லித் தருகிறாரா என்று கேளுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு சங்கராபரண ராகத்தில் அமைத்த நோட்டுஸ்வரங்கள் என்ற சின்னப் பாட்டுகள் இருக்கின்றன, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாததால் பிஞ்சு வாய்க்குச் சுலபமாக வரும். எனக்கு மிகவும் பிடித்த தொடக்கம் அதுதான்.

எங்கே தேடுவது? திருவையாறு அரசு இசைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே. அங்கே படித்தவர்கள் யாராவது வீட்டில் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். சிவன் கோயில் ஓதுவாரிடம் தேவாரம் கற்பதும் அருமையான வழி. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள், வார இறுதியில் வகுப்பு, உங்கள் பக்கம் எங்கே நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 12 வயதுக்கு மேல்தான் சேர முடியும், அது பிறகு.

நாலரை வயதுப் பையனை இப்போதைக்கு விடுங்கள். அக்கா பாடுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் விளையாடட்டும்.

கேள்வி: பேரனுக்கு 5 வயது, சிங்கப்பூரில் இருக்கிறான். இங்கிருந்து ஒரு பாட்டு வாத்தியாரை ஆன்லைனில் ஏற்பாடு செய்யட்டுமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: ஐயா, இப்போது வேண்டாம் என்றே சொல்வேன். இணையத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வருவதால் வாத்தியாரும் பையனும் சேர்ந்து பாடவே முடியாது, மாற்றி மாற்றித்தான் பாட வேண்டும். சின்னப் பிள்ளை கற்றுக்கொள்வதே கூடப் பாடித்தான். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949-இல் தொடங்கியது, கர்நாடக இசை வகுப்புகள் நடத்துகிறது, மகனை முதலில் அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். அது தூரமாகி வேறு வழியே இல்லை என்றால், மருமகளோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து தாங்களும் கற்றுக்கொண்டு, தினமும் பத்து நிமிடம் பையனோடு சேர்ந்து பாட முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் ஏற்பாடு செய்யுங்கள்.