மூன்று வயது வரை முதுகில் ஏறாதீர்கள்

லாயத்து வாசல்: வாசகர் கேள்வி பதில்

புளியந்தோப்பில் பிறந்தவன் நான். அப்பா ஜட்கா ஓட்டினார். நான் கிண்டி ரேஸ் லாயத்தில் சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிக்கிற ஆளாகச் சேர்ந்து, காலை சவாரிக்கு ஏறி, அப்புறம் அயர்லாந்தில் தடை தாண்டும் பந்தயக் குதிரைகளை வளர்க்கும் ஒரு லாயத்தில் 11 வருடம் இருந்தேன். போன இதழில் அதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்குத்தான் இந்தப் பதில்கள்.

கிண்டிக் குதிரையும் தடை தாண்டும் குதிரையும் வேறு வேறு ஜாதியா?
(பத்தாம் வகுப்பு மாணவர், கொடுங்கையூர்)

ஒரே ஜாதிதான் தம்பி, இரண்டும் தரோபிரெட் என்கிற பந்தயக் குதிரை ஜாதி. வளர்ப்புதான் வேறு. கிண்டியில் 1000 மீட்டர் பந்தயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தடைப் பந்தயம் சுமார் 2 மைலில் தொடங்கி 4 மைலுக்கு மேலும் போகும். சின்னத் தடையே மூன்றரை அடி, பெரியது நாலரை அடி. 1752-ல் அயர்லாந்தில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, பட்டவன்ட் ஊர் சர்ச்சிலிருந்து டோனரெயில் ஊர் சர்ச் வரை, வழியில் வந்த வேலி, வாய்க்கால் எல்லாவற்றையும் தாண்டிப் போனதில் தொடங்கியது இது.

அங்கே எல்லாப் பந்தயக் குட்டிக்கும் ஜனவரி 1-ந் தேதிதான் பிறந்தநாள். மே மாதம் பிறந்த குட்டிக்கும் வருகிற ஜனவரியில் ஒரு வயது கணக்கு. இரண்டு வயதில் ஓட விடுகிறவர்களுக்கு அந்த நாலைந்து மாதம் பெரிய நஷ்டம். தடைக் குதிரை வளர்ப்பவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. மூன்று வயது வரை புல்வெளியில் சும்மா விட்டு வைப்பார்கள். இங்கிலாந்தில் லிவர்பூலில் நடக்கும் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தடைப் பந்தயத்தில் ஓட இப்போது ஏழு வயது முடிந்திருக்க வேண்டும். ஏழு வருடம் சாப்பாடு போட்டுக் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்!

தடைக் குதிரைகளைக் காயடிப்பது பாவம் இல்லையா?
(வாசகி, தண்டையார்பேட்டை)

எனக்கும் முதலில் மனசு ஒப்பவில்லை, அம்மா. ஆனால் காயடிக்காமல் பொலிக்குதிரையாக விட்டால் ஒன்றையொன்று கடிக்கும், தனித்தனியாகவே அடைத்து வைக்க வேண்டும். காயடித்தது கூட்டமாக மேயும், பத்துப் பன்னிரண்டு வயது வரை ஓடும். இஸ்தாப்ராக் என்ற குதிரை 1998, 1999, 2000 என்று மூன்று முறை சாம்பியன் ஹர்டில் என்ற தடைப் பந்தயத்தை ஜெயித்தது. அதுவும் காயடித்ததுதான், அதற்கு வாரிசு கிடையாது. அதன் அப்பன் சாட்லர்ஸ் வெல்ஸ் ஒரு தடைகூடத் தாண்டியதில்லை, சமதளத்தில் ஓடிய குதிரை. தடைக் குதிரை வளர்ப்பில் இதுதான் கஷ்டம். பிள்ளைகள் ஏழெட்டு வயதில் ஜெயித்து அப்பன் பெயர் வெளியே வருவதற்குள் அப்பன் கிழடாகிவிடும்.

சாரட்டுக்கு வைத்திருக்கும் எங்கள் குதிரை சினையாக இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகர், திருவொற்றியூர்)

சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். கடைசி மூன்று மாதம் வண்டியில் பூட்டாதீர்கள். பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி முழுசாக விழ வேண்டும். இதில் எது தவறினாலும் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் நம்பரை இப்போதே சுவரில் எழுதி வையுங்கள்.

மாமா அந்தியூர் சந்தையில் 20 மாதக் குட்டி வாங்கி வந்திருக்கிறார். நல்ல உயரம். தை மாதமே ரேக்ளாவில் பூட்டலாம் என்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். யார் சொல்வது சரி?
(வாசகர், வியாசர்பாடி)

நீங்கள் சொல்வதுதான் சரி.

முதலில் கீழ் உதட்டை விலக்கி முன்பல்லைப் பாருங்கள். நடுவில் இருக்கும் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்க இரண்டரை வயது ஆகும். எல்லாமே சின்னதாக, வெள்ளையாக இருந்தால் விற்றவர் சொன்ன வயதை நம்பலாம். உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலே எலும்பு நுனியில் இன்னும் குருத்தெலும்பு இருக்கும். அது இறுகவே இரண்டு, இரண்டரை வயது ஆகும். முதுகெலும்பு இறுக ஐந்து வயதுக்கு மேல்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், இரண்டு வயதுக் குட்டி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. ஒரு காலையில் முட்டியில் கை வைத்தால் சூடாக இருந்தது. டீ கிளாஸைத் தொட்ட மாதிரி சூடு. சொன்னேன். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று என்றார்கள். அன்று நான்காவதாக வந்தது. மறுவாரம் அந்தக் காலைத் தரையில் வைக்க முடியவில்லை. அப்புறம் அது ஓடவே இல்லை. இன்றைக்கும் என் உள்ளங்கையில் அந்தச் சூடு இருக்கிறது.

குட்டிக்கு ஒன்றும் கற்றுத்தரக் கூடாது என்று சொல்லவில்லை. தினமும் கயிறு பிடித்து நடத்துங்கள், நாலு காலையும் தூக்கிக் குளம்பைத் தட்டிக் காட்டுங்கள், ஆட்டோ சத்தம், மேளச் சத்தம் பழக்குங்கள். கோதுமைத் தவிட்டையே கொட்டி வளர்க்காதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு, எலும்பு உப்பிப் பலவீனமாகும். பச்சைப் புல் நிறையப் போடுங்கள். மாமாவிடம் சண்டை வேண்டாம். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

தாண்டுவதற்கு எப்படிப் பழக்குகிறார்கள்?
(கல்லூரி மாணவி, பெரம்பூர்)

அவசரமே இல்லாமல். மூன்று வயதில் லாயத்துக்குள் கொண்டு வருவோம். முதலில் வயிற்றுப் பட்டை, அப்புறம் வாயில் கடிவாளம். அதில் தொங்கும் சின்ன இரும்புத் துண்டுகளை நாக்கால் உருட்டிக்கொண்டே இருக்கும். பிறகு இரண்டு நீளக் கயிறு மாட்டி, பின்னால் நடந்துகொண்டே இடம், வலம், நில் எல்லாம் சொல்லித் தருவோம். அங்கே மழையில் அப்படி நடக்கும்போதெல்லாம், ஜட்காவில் உட்கார்ந்து அப்பா லகானைப் பிடித்திருந்த விதம் ஞாபகம் வரும். விரலால்தான் பேசுவார், சாட்டை சும்மா இருக்கும். அதற்கப்புறம்தான் முதுகில் ஆள். முதல் நாள் உட்காரக்கூட மாட்டோம், கோணிமூட்டை மாதிரி குறுக்கே படுத்துக்கொள்வோம்.

தாண்டுவதை முதலில் ஆள் ஏறாமலே கற்கும். இரண்டு பக்கமும் வேலி போட்ட சந்து, நடுவில் ஒரு மரக்கட்டை. ஒரு செம்பழுப்புக் குட்டி முதல் தடவை கட்டையைக் கவனிக்காமலே வந்து முட்டியில் இடித்துக்கொண்டது. திரும்பி நின்று கட்டையை முகர்ந்து பார்த்தது. இரண்டாவது தடவை தூரத்திலேயே காதை நிமிர்த்தி, நடையைச் சுருக்கி, முன்னங்கால் இரண்டையும் மடக்கித் தாண்டியது. எங்கே கால் ஊன்றி எழும்ப வேண்டும் என்பதை அது தானாகக் கண்டுபிடித்தது. அதை யாராலும் சொல்லித்தர முடியாது.

காசிமேட்டுப் பக்கம் குதிரையைக் கடலில் இறக்கலாமா?
(வாசகர், ராயபுரம்)

கடலில் இறக்கலாம். ரெட் ரம் என்ற குதிரையைத்தான் உதாரணம் சொல்வேன். வேகக் குதிரையாக வளர்த்து, இரண்டு வயதிலேயே ஓட விட்டார்கள். பின்னால் பாத எலும்பில் வியாதி. ஜிஞ்சர் மெக்கெய்ன் என்ற பயிற்சியாளர் அதைச் சவுத்போர்ட் கடற்கரைக்குக் கொண்டுபோய் மணலில் ஓட்டி, அலையில் நடக்க விட்டார். 1973, 1974, 1977 என்று மூன்று கிராண்ட் நேஷனல் ஜெயித்தது.

ஆனால் துறைமுகம் பக்கம் வேண்டாம். கல்லும் வலைத்துண்டும் ஆணியும் கிடக்கும். எண்ணூர் போகும் வழியில் சுத்தமான மணலாகப் பார்த்து, வெயில் ஏறுமுன், முட்டி அளவு தண்ணீரில் பத்து நிமிடம் நடத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் காலை அலசி, குளம்புக் குழியில் மணல் சிக்கியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.