நாலு எழுத்து அடித்தால் நாலு வரி: எடிட்டர் சுருக்கங்கள் பற்றிக் கேள்வி பதில்

கோடு எழுதும் எடிட்டர்களான விம், ஈமாக்ஸ், விஎஸ் கோட் மூன்றிலும் சுருக்கங்களை, அதாவது சில எழுத்து அடித்தால் முழுச் சொல்லாகவோ வரியாகவோ விரிபவற்றை, நம் வசதிக்கு மாற்றிக்கொள்வது பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. படித்துப் பார்த்தால், 'விரியவில்லை' என்ற புகாரைவிட 'வேண்டாத இடத்தில் விரிந்து தொலைக்கிறது' என்ற புகார்தான் அதிகம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. விரிய வைப்பது ஒரு வரி வேலை. எங்கே விரியக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

கட்டளைப் பெயர்களை உச்சரிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து, மஞ்சள் மண்டிக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் தம்பி: அண்ணா, விம்மில் 'ஐ, என்' என்று இரண்டெழுத்துச் சுருக்கம் வைத்து 'இன்வாய்ஸ் நம்பர்' விரியும்படி செய்தேன். இப்போது பைத்தானில் ஃபார் லூப் எழுதினால் 'இன்' வரவேண்டிய இடத்திலெல்லாம் இன்வாய்ஸ் நம்பர் வந்து உட்காருகிறது.

விம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது தம்பி. ஸ்பேஸ், கமா, அடைப்புக்குறி மாதிரி சொல்லில் சேராத எழுத்து ஒன்றை நீங்கள் அடித்ததும், கர்சருக்கு முன்னால் இருக்கும் முழுச் சொல்லைப் பார்க்கும். அது சுருக்கமாக இருந்தால் விரிக்கும். 'பிரின்ட்' என்ற சொல்லுக்கு நடுவில் அதே இரண்டு எழுத்து இருந்தாலும் தொடாது. ஆனால் தனியாக நிற்கும் 'இன்' பைத்தானின் சொல்லா, உங்கள் சுருக்கமா என்று அதற்கு எப்படித் தெரியும்?

எனவே, எந்த மொழியிலும் சொல்லாக வராத பெயரை வையுங்கள். கடைசி எழுத்தை இரட்டிப்பது ஒரு வழி. அரைப்புள்ளி சேர்ப்பது இன்னொரு வழி, ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. அரைப்புள்ளியை முன்னால் வைத்து, பின்னால் இரண்டு எழுத்து வைத்தால் விம் ஏற்காமல் பிழை காட்டும். சுருக்கம் எழுத்தில் முடிந்தால், ஒன்று முழுவதும் எழுத்தாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசி ஒன்று மட்டும் எழுத்தாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அரைப்புள்ளியைக் கடைசியில் வைத்தால் பிரச்சினை இல்லை.

அப்புறம், சுருக்கம் வைக்கும் 'ஐஅப்ரெவ்' கட்டளையில், இந்த ஃபைலுக்கு மட்டும் என்று சொல்லும் 'பஃபர்' என்பதையும் சேர்த்து, பைத்தான் ஃபைல் திறக்கும்போது மட்டும் ஓடும்படி வையுங்கள். பில் சுருக்கம் எஸ்க்யூஎல் ஃபைலில் போய் விளையாட வேண்டாம். எப்போதாவது ஒரு தடவை மட்டும் விரியாமல் இருக்க வேண்டுமென்றால், ஸ்பேஸுக்கு முன்னால் கன்ட்ரோல் வி அடித்தால் போதும்.

கரூரிலிருந்து: சுருக்கம் விரிந்த பிறகு ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொள்கிறது. அடைப்புக்குறிக்குள் எழுதும்போது எரிச்சலாக இருக்குதுங்க.

ஸ்பேஸுக்குப் பதிலாகக் கன்ட்ரோலோடு வலது சதுர அடைப்புக்குறியை அடியுங்கள். விரியும், வேறெதுவும் சேராது. கை பழகவில்லை என்றால், விம் உதவிப் பக்கத்தில் அப்ரீவியேஷன் பகுதியிலேயே 'ஈட்சார்' என்று ஒரு சின்ன ஃபங்ஷன் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துப் போட்டுக்கொண்டால் அந்த ஸ்பேஸை அதுவே விழுங்கிவிடும்.

கோவை கணபதியிலிருந்து, சிஎன்சி ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்: நான் சாஃப்ட்வேர் ஆள் இல்லைங்க. விஎம்சி என்ற வெட்டும் மெஷினுக்கு, அது எப்படி நகர வேண்டும் என்று சொல்லும் ஜி-கோடு கட்டளைகளைக் கையால் எழுதுகிறோம். பழைய ப்ரோக்ராமைக் காப்பி செய்து மாற்றிக்கொள்வதுதான் பழக்கம். இதற்கெல்லாம் சுருக்கம் உதவுமா?

இந்த வாரம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான் அண்ணா. வெப்சைட் எழுதுபவருக்குச் சுருக்கத்தால் நேரம் மிச்சம். உங்களுக்கு டூல் மிச்சம், ஸ்பிண்டிலும் மிச்சம்.

ப்ரோக்ராம் தொடக்க வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டருக்கு ஜி21, எக்ஸ்-ஒய் தளத்துக்கு ஜி17, அப்சல்யூட்டுக்கு ஜி90, கட்டர் காம்பன்சேஷனை நீக்க ஜி40, டூல் நீள ஆஃப்செட்டை நீக்க ஜி49, கேன்டு சைக்கிளை நீக்க ஜி80. இது எந்த ஜாபுக்கும் மாறாது. சாதாரணச் சுருக்கமே போதும், எந்த எடிட்டரிலும் செய்யலாம்.

டூல் மாற்றும் இடம் அப்படி இல்லை. டூல் எண்ணோடு எம்06, அப்புறம் ஜி43 வரியில், எந்த டூலின் நீளத்தை எடுக்க வேண்டும் என்று சொல்லும் எச் எண். பெரும்பாலான கடைகளில் டூல் எண்ணும் எச் எண்ணும் ஒன்றாகவே வைத்திருப்பார்கள். பழைய ப்ரோக்ராமைக் காப்பி செய்து, டி5 என்பதை டி7 என்று மாற்றிவிட்டு, எச்5-ஐ மாற்ற மறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 7-ஆம் டூலைப் பிடித்துக்கொண்டு 5-ஆம் டூலின் நீளத்தை நம்பி மெஷின் இறங்கும். 7 நீளமானதாக இருந்தால் ஜாபிலோ வைஸிலோ போய்க் குத்தும்.

இங்கேதான் ஸ்னிப்பெட், அதாவது நிரப்ப வேண்டிய இடங்களை விட்டுவைத்த சுருக்கம், வேண்டும். விஎஸ் கோடில் ஸ்னிப்பெட் எழுதும்போது, டூல் எண் வரும் இடத்தில் 'டாலர் 1', எச் எண் வரும் இடத்திலும் அதே 'டாலர் 1' என்று வையுங்கள். முதல் இடத்தில் 7 என்று அடித்தால் இரண்டாவது இடத்திலும் 7 தானாக விழும். அதன்பின் டேப் அடித்தால் அடுத்த இடத்துக்கு, ஸ்பிண்டில் வேகத்துக்கு, கர்சர் போகும். விம்மின் சாதாரணச் சுருக்கத்தில் இந்த வசதி கிடையாது.

ஜாபின் தொடக்கப் புள்ளி எது என்று சொல்லும் ஒர்க் ஆஃப்செட்டுக்கு ஜி54, ஜி55 என்று பட்டியல் கொடுத்துத் தேர்ந்தெடுக்கும்படியும் செய்யலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பட்டியலில் முதலில் இருப்பது தானாக உட்கார்ந்துகொள்ளும். பார்க்காமல் டேப் அடித்துத் தாண்டினால் அதுவேதான் மெஷினுக்குப் போகும். வெட்டாமல் ஓட்டிப் பார்க்கும் ட்ரை ரன் பழக்கத்தை ஸ்னிப்பெட்டை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இரண்டு சின்ன விஷயம். உங்கள் ஃபைல்களை விஎஸ் கோட் வெறும் 'பிளெயின் டெக்ஸ்ட்' என்றே எடுத்துக்கொள்ளும், எனவே ஸ்னிப்பெட்டையும் அதன் கீழேயே எழுதுங்கள். டேப் அடித்தால் விரிய வேண்டுமென்றால் செட்டிங்ஸில் 'டேப் கம்ப்ளீஷன்' என்பதைப் போட்டுவிட வேண்டும். நிறுவும்போது அது அணைந்துதான் இருக்கும்.

திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் செய்யும் அம்மணி: அண்ணா, விஎஸ் கோடில் வெப்பக்கச் சுருக்கங்களை விரிக்கும் எம்மெட், எச்டிஎம்எல் ஃபைலில் நன்றாக வேலை செய்கிறது. ரியாக்ட் எழுதும் ஜேஎஸ் ஃபைலில் செய்யவில்லை. இன்னொன்று, ஆச்சரியக்குறி போட்டு டேப் அடித்தால் வரும் பக்கத்தில் மொழி ஆங்கிலம் என்று விழுகிறது. எங்கள் சைட் தமிழ்.

முதலாவதற்கு 'எம்மெட் இன்க்ளூட் லாங்குவேஜஸ்' என்ற செட்டிங்கில், ஜாவாஸ்கிரிப்ட்டை ஜாவாஸ்கிரிப்ட் ரியாக்ட் ஆக எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று. ஆனால் நான் அதைச் செய்யமாட்டேன். ரியாக்ட் இல்லாத ஜேஎஸ் ஃபைல்களிலும் சாதாரணப் பெயர்களுக்கெல்லாம் எம்மெட் குறுக்கே வந்து யோசனை சொல்லிக்கொண்டிருக்கும். ஃபைல் பெயரின் கடைசியை ஜேஎஸ்எக்ஸ் என்று மாற்றிவிடுங்கள் அம்மணி. செட்டிங் எதுவும் தொட வேண்டாம், 'கிளாஸ்' என்பதற்குப் பதில் 'கிளாஸ்நேம்' என்றே சரியாக விரியும்.

இரண்டாவது, 'எம்மெட் வேரியபிள்ஸ்' என்ற செட்டிங்கில் மொழிக்கு 'டி, ஏ' என்று கொடுங்கள். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் எந்த மொழிக் குரலில் படிக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஆங்கிலம் என்று போட்டுவிட்டுத் தமிழ் எழுதினால் வாசிப்பு குளறும்.

பெருந்துறைப் பக்கம் படிக்கும் மாணவர்: ஈமாக்ஸில் அப்ரெவ் மோட் போட்டேன். கமென்டில் எழுதும்போதும் கோடு விரிகிறது. மூடும்போதெல்லாம் சேமிக்கவா என்று வேறு கேட்கிறது.

சேமிக்கும் கேள்விக்கு 'சேவ் அப்ரெவ்ஸ்' மாறியை 'சைலன்ட்லி' என்று வைத்துவிடு. கேட்காமலே சேமித்துக்கொள்ளும்.

கமென்ட் விஷயத்துக்கு, சுருக்க அட்டவணையை உருவாக்கும்போது 'எனேபிள் ஃபங்ஷன்' என்று ஒரு குணத்தைச் சேர்க்கலாம். அந்த ஃபங்ஷன் உண்மை என்று சொன்னால்தான் விரியும். அதற்குள் 'சின்டாக்ஸ் பிபிஎஸ்எஸ்' என்பதைக் கூப்பிட்டால் கர்சர் இப்போது கமென்டுக்குள் இருக்கிறதா, ஸ்ட்ரிங்குக்குள் இருக்கிறதா என்று சொல்லிவிடும். இந்த மூன்று எடிட்டரில் இந்த விஷயத்தை அழகாகச் செய்திருப்பது ஈமாக்ஸ்தான் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இன்னொன்று, நீ எதையும் வரையறுக்காமலேயே மெட்டாவோடு (பெரும்பாலும் ஆல்ட் கீ) சாய்கோடு அடித்துப் பார். ஃபைலில் ஏற்கெனவே இருக்கும் சொற்களில் தேடி நிரப்பும். பாதிச் சுருக்கங்களை அழித்துவிடுவாய்.

சரவணம்பட்டி ஐடி கம்பெனியிலிருந்து: டீம் முழுவதும் ஒரே ஸ்னிப்பெட் வைத்துக்கொள்ள என்ன வழி?

ப்ராஜெக்டில் 'டாட் விஎஸ்கோட்' ஃபோல்டருக்குள் 'கோட் ஸ்னிப்பெட்ஸ்' என்று முடியும் ஃபைலாக வைத்து, டீம் கோடைப் பகிர்ந்துகொள்ளும் 'கிட்' களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள். எந்த மொழிக்கு என்று சொல்லும் 'ஸ்கோப்' கொடுக்க மறந்தால் எல்லா மொழியிலும் தலைகாட்டும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து: சொட்டுநீர்ப் பாசன ஆப் ஒன்றுக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன். ஊர்ப் பெயர்களுக்குச் சுருக்கம் வைத்தால் வேற்றுமை உருபு சேர்க்கும்போது உதைக்கிறது.

உதைக்கத்தான் செய்யும். 'ஈரோடு' என்று விரித்துவிட்டு 'இல்' சேர்த்தால் 'ஈரோட்டில்' வராது. 'திருப்பூர்' என்றால் கடைசிப் புள்ளியை எடுத்தாக வேண்டும். பேக்ஸ்பேஸ் சில எடிட்டரில் புள்ளியை மட்டும் எடுக்கும், சிலவற்றில் 'ர்' முழுவதையும் எடுக்கும். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த வசதி இது. தனிச் சொல்லுக்கு வைக்காதீர்கள். 'ஈரோட்டில்', 'ஈரோட்டுக்கு' என்று உருபோடு அடிக்கடி வருகிறவற்றுக்குத் தனித்தனியாக வையுங்கள். அல்லது 'வால்வைத் திறந்த பிறகு' மாதிரி மாறாத முழுத் தொடர்களுக்கு வையுங்கள். கையேட்டில் அவைதான் திரும்பத் திரும்ப வரும்.

நாமக்கல்லிலிருந்து: விம்மில் நான் வைக்காத சுருக்கம் ஒன்று விரிகிறது. யார் வைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி எடுப்பது?

'வெர்போஸ் ஐஅப்ரெவ்' என்று அடித்துப் பக்கத்தில் அந்தச் சுருக்கத்தைக் கொடுங்கள். எந்த ஃபைலில் வைக்கப்பட்டது என்று காட்டும். பெரும்பாலும் ஏதாவது ப்ளகினாக இருக்கும். எடுக்க 'அன்அப்ரீவியேட்'. கட்டளை வரியில் பெயரை அடிக்கும்போதே அது விரிந்துவிட்டால் பரவாயில்லை, விரிந்த சொல்லையே கொடுத்து என்டர் தட்டுங்கள். விம் அதையும் ஏற்றுக்கொண்டு எடுத்துவிடும்.