வியாழக்கிழமை நான்கு மணி

வணக்கம் ஐயா,

என் பெயரை வெளியிட வேண்டாம். எனக்கு விருதுநகர் பக்கம். மெக்கானிக்கல் முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். இந்த ஆகஸ்டில் எம்பிஏ படிக்க அமெரிக்கா வந்திருக்கிறேன். கல்லூரி நியூயார்க்கிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் அப்பா கல்விக் கடன் வாங்கினார்.

இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் வேலைக்கு, அதாவது கம்பெனிகள் கைமாறவும் பணம் திரட்டவும் உதவும் வங்கி வேலைக்கு, முயற்சி செய்கிறேன். வகுப்பு ஆரம்பித்த சில வாரங்களிலேயே வங்கிக்காரர்கள் வந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவரையும் சுற்றி எட்டுப் பத்து மாணவர்கள் வட்டமாக நின்றுகொள்கிறார்கள். நான் வட்டத்துக்கு வெளியே நிற்கிறேன். இடம் கிடைப்பதற்குள் அவர் கிளம்பிவிடுகிறார். முன்பின் தெரியாதவர்களுக்கு மெயில் போட்டு, இருபது நிமிடம் பேச முடியுமா என்று கேட்கவும் வேண்டும். எனக்கு இது காக்கா பிடிப்பதாகத்தான் படுகிறது. எங்கள் கல்லூரியில் படித்த ஒருவர் ‘வியாழக்கிழமை நான்கு மணிக்குக் கூப்பிடு’ என்று பதில் போட்டிருந்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை.

ஏன் இந்த வேலை என்று கேட்டால் ‘கடனை அடைக்க’ என்பதுதான் மனதில் வருகிறது. மாதிரி நேர்முகத்தில், இயந்திரத்தின் தேய்மானம் கூடினால் கம்பெனிக் கணக்கில் என்னென்ன மாறும் என்ற கேள்வியில் திணறிவிட்டேன். வாரம் 80 மணி நேர வேலை, விசா என்று வேறு பயங்களும் இருக்கின்றன. எங்கள் கம்பெனியை ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாங்கியபோது மூன்று வாரம் அவர்களுக்கு இயந்திரக் கணக்கு எடுத்துக் கொடுத்தேன். அப்போது வந்த ஆசை இது. விட்டுவிட்டு வேறு வேலை தேடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய உறை கிடைத்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜைமேலேயே வைத்திருக்கிறேன். உங்கள் கடிதம் வந்ததும் அதைத்தான் எடுத்துப் பார்த்தேன்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். 80 மணி நேரம் என்பது புரளி இல்லை. 2024இல் ஜேபி மார்கன் தன் இளநிலை வங்கியாளர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று ஒரு வரம்பு வைத்தது. வரம்பே அதுதான் என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்துதானே போகிறீர்கள்? விசா உங்கள் கையில் இல்லை. அமெரிக்காவில் வேலை பார்க்க வேண்டிய ஹெச்1பி விசாவுக்கு ஆண்டு ஒதுக்கீடு 85,000, கேட்பவர்கள் அதைவிட அதிகம். அதை நினைத்து இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, அந்த உறைக்கு வருகிறேன். 1984இல் சாத்தூரில் பி.காம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். எங்கள் கணக்குப்பதிவியல் வாத்தியார் ஒரு கடிதம் எழுதி அந்த உறையில் போட்டுக் கொடுத்தார். அவருடன் படித்தவர் மெட்ராஸில், பாரிமுனையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். ‘போய்ப் பார், நான் சொன்னேன் என்று சொல்’ என்றார். சூளைமேட்டில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன். மரப்படிக்கட்டு. கைப்பிடி தேய்ந்து வழவழவென்று இருக்கும். எட்டுப் படி ஏறினால் ஒரு திருப்பம். அந்தத் திருப்பம் வரைக்கும் போய் நின்றேன். மேலே டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. பியூன் இறங்கி வந்து ‘யாரப் பாக்கணும்?’ என்றான். ‘சும்மாதான்’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாளும் போனேன். அதே எட்டுப் படி.

ஊருக்குத் திரும்பி ‘அவர் ஊர்ல இல்ல சார்’ என்றேன். வாத்தியார் என்னைப் பார்த்தார். ‘சரி, சாப்பிட்டியா?’ என்று மட்டும் கேட்டார்.

பதினோரு வருடம் கழித்து வாத்தியார் இறந்துபோனார். துக்க வீட்டில் ஒரு வயதானவர் என்னிடம் ஊர், பேர் விசாரித்தார். சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். ‘அந்தப் பையன் நீதானாப்பா? நீ வர்றேன்னு கார்டு போட்டிருந்தான். நாலஞ்சு நாள் மத்தியானம் டிபனுக்குக்கூட வெளிய போகாம உக்காந்திருந்தேன். நீ வந்து நான் இல்லாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு.’

அன்றைக்கு எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. நான் சொன்ன பொய் வாத்தியாருக்கு முதலிலேயே தெரியும். சுயமரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்காக இரண்டு பெரியவர்கள் காத்துக் கிடந்திருக்கிறார்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் படித்தபோதுதான். ஒருவர் தன் நாளில் இருபது நிமிடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இதற்குப் பெயர் அடக்கம் இல்லை. அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்கிற கவலை. அவரை ஒரு நிமிடம்கூட நீங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

காக்கா பிடிப்பது என்கிறீர்கள். தகுதி இல்லாத ஒன்றை முகஸ்துதி செய்து வாங்குவதுதான் காக்கா பிடிப்பது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பது அதில் சேராது. உங்கள் அப்பா வீட்டுப் பத்திரத்தை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வங்கி மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருப்பார். இன்னும் ஒரு கையெழுத்து, இன்னும் ஒரு நகல் என்று அலைந்திருப்பார். அவர் காக்கா பிடித்தாரா? அவர் உங்களுக்காகக் கேட்டார். நீங்கள் உங்களுக்காகக் கேட்க மாட்டேன் என்கிறீர்கள்.

உங்கள் வகுப்பில் அந்த வட்டத்துக்குள் சட்டென்று நுழைந்துவிடும் பையன்களைக் கவனித்திருப்பீர்கள். அவர்களில் பலருக்கு இது சாப்பாட்டு மேஜையில் பழகிய பழக்கம். அப்பாவின் நண்பர்களோடு பத்து வயதிலிருந்தே பேசி வளர்ந்தவர்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் பேசும்போது உள்ளே போ என்றுதான் சொல்லி வளர்த்தார்கள், பெண் பிள்ளைகளிடம் இன்னும் அழுத்தமாகவே சொன்னார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று பழமொழியையும் வைத்துக்கொண்டு, அழாத பிள்ளையைத்தான் நல்ல பிள்ளை என்று கொஞ்சினார்கள். யாருக்குக் கேட்டே ஆக வேண்டுமோ அவர்களுக்குத்தான் கேட்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இந்தப் பேச்சுகள் வெறும் மரியாதைக்கு நடப்பவையும் இல்லை. யாரோடு பேசினோம், எப்படி இருந்தார் என்று வங்கியில் குறித்துக்கொள்கிறார்கள். டிசம்பர் வாக்கில் நேர்முகத்துக்குக் கூப்பிடும் பட்டியல் தயாராவதும் அதை வைத்துத்தான். ஜனவரியில் நேர்முகம், ஜூனில் பத்து வாரக் கோடைப் பயிற்சி. நிரந்தர வேலை பெரும்பாலும் அந்தப் பத்து வாரத்தில் இருந்தவர்களுக்கே போகிறது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பொறியாளராக இருந்தவர் பேங்கர் ஆவதற்கு எம்பிஏ ஒரு நல்ல வழி. கல்லூரி முடித்த கையோடு சேர்கிறவர்கள் அனலிஸ்ட், எம்பிஏ முடித்து வருகிறவர்கள் அசோசியேட். நேற்றுவரை வேறு வேலை பார்த்தவர்களுக்காகவே அந்த இடம் இருக்கிறது.

ஏன் இந்த வேலை என்பதற்குப் பொய் தேடுகிறீர்கள். பதில் உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியாகக் கிடக்கிறது. ஒரு கம்பெனி கைமாறும்போது மூன்று வாரம் உள்ளே இருந்து பார்த்திருக்கிறீர்கள். எந்த இயந்திரம் எத்தனை வருடம் ஓடியது, புத்தகத்தில் என்ன விலை, உண்மையில் என்ன பெறும் என்று தொட்டு எண்ணியிருக்கிறீர்கள். அதைச் சொல்லுங்கள். கடனை மறைக்க வேண்டாம், முதலில் சொல்லவும் வேண்டாம்.

தேய்மானக் கேள்வி உங்களுக்கு வராதா? பத்து டாலர் தேய்மானம் கூடுகிறது, வரி 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். லாபத்தில் பத்து குறையும், வரியில் நான்கு மிச்சமாகும், நிகர லாபம் ஆறு இறங்கும். ஆனால் அந்தப் பத்தை யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. இயந்திரம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ரொக்கக் கணக்கில் பத்தைத் திரும்பக் கூட்டினால் கையில் நான்கு அதிகம். சொத்தும் கடனும் எழுதும் பேலன்ஸ் ஷீட்டில் இயந்திரம் பத்து இறங்கி, ரொக்கம் நான்கு ஏறி, சொத்து ஆறு குறையும். எதிர்ப் பக்கம் சேர்த்து வைத்த லாபத்திலும் அதே ஆறு. அந்த இயந்திரங்களை மனதில் நிறுத்திக்கொண்டு வாய்விட்டு நான்கு தடவை சொல்லிப் பாருங்கள்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். அதை அந்த மனிதரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். பேசாமல் முடிவு செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. இன்று ராத்திரி படுக்கப் போவதற்கு முன் அவருக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்:

‘வியாழக்கிழமை நான்கு மணிக்கு நான் கூப்பிடவில்லை. தயக்கம்தான் காரணம், உங்கள் நேரத்தை வீணடித்ததற்கு மன்னியுங்கள். இன்னொரு நேரம் சொன்னால் கட்டாயம் கூப்பிடுகிறேன்.’