பவர் ஏற்றிய செயின்சா ஜாம் ஆனால் யார் பொறுப்பு?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் தைல மரம், சவுக்கு வெட்டும் வேலை செய்கிறேன். நானும் மைத்துனரும் மட்டும்தான். எட்டு மாதத்துக்கு முன் 32,000 ரூபாய்க்கு செயின்சா (மரம் அறுக்கும் மெஷின்) வாங்கினேன், ஒரு வருட வாரன்டி. பவர் கூட்டித் தரச் சொல்லி ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். சைலன்சரை அகலப்படுத்தி, சிலிண்டருக்கு அடியில் கசிவைத் தடுக்க இருந்த மெல்லிய தகட்டை (கேஸ்கெட்) எடுத்துவிட்டு, சிலிண்டரில் காற்றும் புகையும் போய்வரும் துளைகளை (போர்ட்) தேய்த்துக் கொடுத்தார். கூலி 4,500 ரூபாய், போனில் அனுப்பினேன், பில் இல்லை. மூன்றாம் நாளே மெஷின் கொதித்தது. சிலிண்டர் அடியில் எண்ணெய் கசிந்தது. ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் இறங்கவில்லை. இரண்டு வாரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. விற்ற கடை வாரன்டி கிடையாது என்கிறது. மெக்கானிக்கோ நான் ஆயில் சரியாகக் கலக்கவில்லை என்கிறார். 7,000 ரூபாய் கொடுத்தால்தான் மெஷினையே தருவாராம். யார் மீது வழக்குப் போடலாம்?

பதில்: வழக்கைப் பிறகு பார்ப்போம். இன்றைக்கே அந்த மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: "மெஷினை மேற்கொண்டு கழற்ற வேண்டாம், எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம், கழற்றிய பாகங்களை அப்படியே வைத்திருக்கவும்." இதே மாதிரி ஒரு தகராறோடு என்னிடம் வந்தவர், புது பிஸ்டன் போட்டு ஓட்டிக்கொண்டே வந்தார். பழையது இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதோடு அவருடைய சாட்சியும் போனது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் வழக்கு முழுக்க அந்த சிலிண்டருக்குள்தான் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எங்காவது காற்று கசிந்து உள்ளே போனால், பெட்ரோலின் பங்கு குறைகிறது. ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதானே வருகிறது, அதுவும் குறைகிறது. சூடு ஏறுகிறது, பிஸ்டன் பிடிக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டபின்னும் வேகம் இறங்காமல் நிற்பது இப்படிக் காற்று புகுவதற்கு நன்கு தெரிந்த அடையாளம். கேஸ்கெட்டை எடுத்த இடத்தில் முறையாக சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) போடாவிட்டால் அங்கேயே கசியும். ஆக, நீங்கள் எழுதிய மூன்று அறிகுறியும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு.

நிரூபிக்க எளிய வழி பிரஷர் டெஸ்ட், அதாவது காற்றழுத்தச் சோதனை. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, உள்ளே அரை பார் (காற்றழுத்த அளவு) வரை காற்றடித்து மீட்டரைப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் எந்த இடம் என்று குமிழியே சொல்லிவிடும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிப் பார்க்கும் வேக்குவம் டெஸ்டும் கேளுங்கள். சில ஆயில் சீல்கள் காற்றடிக்கும்போது தாங்கும், உறிஞ்சும்போது விட்டுவிடும். சம்பந்தமில்லாத வேறொரு சர்வீஸ் சென்டரில் செய்து, முத்திரையோடு எழுதி வாங்குங்கள், வீடியோவும் எடுங்கள். பிஸ்டனில் கீறல் சைலன்சர் பக்கம் மட்டும் இருக்கிறதா, சுற்றிலும் இருக்கிறதா என்று போட்டோ வேண்டும். பெட்ரோலில் ஆயிலே இல்லாமல் ஓட்டியிருந்தால் பெரும்பாலும் சுற்றிலும் தேய்ந்திருக்கும். கேனில் மிச்சமிருக்கும் பெட்ரோலைக் கொட்டிவிடாதீர்கள். ஆயில் பாட்டிலையும் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது சட்டம். கடை மீதும் கம்பெனி மீதும் போகாதீர்கள் என்பதே என் கருத்து. வெளியாள் எஞ்சினில் கை வைத்தால் வாரன்டி செல்லாது என்று கார்டிலேயே இருக்கும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 87(1)-உம், மாற்றியமைக்கப்பட்ட பொருளால் தீங்கு வந்தால் விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு (குறையுள்ள பொருளால் வந்த தீங்குக்கு இழப்பீடு கேட்பது) நிற்காது என்கிறது.

மெக்கானிக் விஷயம் வேறு. கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. "நீதானே பவர் கூட்டச் சொன்னாய்" என்பார். நீங்கள் பவர்தான் கேட்டீர்கள், கசிவைக் கேட்கவில்லை. பில் இல்லாததும் பெரிய குறையில்லை. பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் போதுமான தொடக்கம்.

"தொழிலுக்கு வாங்கிய மெஷின், நீ நுகர்வோரே இல்லை" என்ற வாதமும் வரும். அதற்குப் பயப்படாதீர்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று பிரிவு 2(7)-இன் விளக்கம் சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்துக்கு எதிரான லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான் என்று தெளிவாக்கியது. மைத்துனர் கூட நிற்பதால் உங்கள் உரிமை போகாது.

மெஷினைப் பிடித்து வைத்திருப்பது பற்றி: ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 படி, ஒப்புக்கொண்ட வேலையைச் சரியாகச் செய்தவர் கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளலாம். உங்களிடம் 4,500 வாங்கியாயிற்று. இந்த 7,000 ரூபாய்க்கு நீங்கள் சம்மதித்த வேலை ஏதாவது உண்டா? இல்லையென்றால் அவருக்கு அந்த உரிமை இல்லை. இருந்தாலும் வாய்த் தகராறு வேண்டாம். 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருட அவகாசம் உண்டு. மெஷினை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி பிரிவு 38-இன் கீழ் கேட்கலாம், அந்தச் செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லக்கூடும். அதற்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து வையுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொதிப்பது மூன்றாம் நாளே தெரிந்தும் இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் பிடிக்கும், அதற்காக இழப்பீடு குறையலாம். அந்த நாட்களில் மெக்கானிக்குக்குப் போன் செய்தீர்களா? "ஓட்டு, செட் ஆயிடும்" என்று அவர் சொன்னாரா? சொல்லியிருந்தால் அந்த போன் பதிவையும் மெசேஜையும் இன்றே எடுத்து வையுங்கள்.